முப்பத்தெட்டாம் வருஷத்துத் தட்டு

தாய் செத்த பிறகு கத்தரினாவுக்கு வந்தவை ஒரு அலுமாரி, ஒரு கிராமபோன் பெட்டி, இருபத்திமூன்று இசைத்தட்டுகள். தட்டுகளெல்லாம் தகப்பன் அன்ரனிப்பிள்ளை சேர்த்தவை. மலேரியா ஊரை வாரிக்கொண்டு போன முப்பத்தைந்தாம் வருஷம், கற்பிட்டிக் கடலில் வள்ளம் கவிழ்ந்து அவர் போய்விட்டார் என்று தாய் சொல்லியிருந்தாள். உடல் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தட்டுகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவள், சாகும்வரை திறப்பைத் தன் இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

யுத்தம் முடிந்த வருஷம் அது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கத்தரினாவும் புருஷன் சாள்ஸும் பாட்டுக் கேட்க உட்காருவார்கள். சாள்ஸ் உப்புக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவர். கேட்பதோடு நிறுத்தமாட்டார், ஒவ்வொரு தட்டும் எந்த வருஷத்தது என்று கண்டுபிடித்து உறையில் பென்சிலால் எழுதுவார். ஒரு பக்கம் மட்டும் பாடுவது மிகப் பழையது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் அதுவும் பழையதுதான். வயலின் தெளிவாகக் கேட்டால் பிந்தியது. சந்தேகம் வந்தால் தட்டின் இலக்கத்தைப் பார்ப்பார். புத்தளத்தில் தட்டு விற்கும் இஸ்ஸதீன், பழைய விலைப்பட்டியல்களை இரவல் கொடுத்திருந்தார்.

ஒரு ஞாயிறு, மாதா பாட்டுத் தட்டு ஒன்றைப் பட்டியல்களோடு ஒத்துப் பார்த்த சாள்ஸ், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"இது முப்பத்தெட்டில வந்த தட்டு," என்றார். "உன்ட அப்பா செத்து மூணு வருஷம் கழிச்சு."

முப்பத்தெட்டில்தான் கத்தரினாவுக்கும் சாள்ஸுக்கும் கலியாணம் நடந்தது. துக்கத்துக்குக் கறுப்புச் சேலை கட்டியிருந்த தாய் பாட்டுத் தட்டு வாங்கியிருக்க வழியில்லை.

கத்தரினா தட்டை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல்துறையில் இருந்த தாய்மாமன் தோமஸிடம் போனாள். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவர் தட்டைக் கண்டதும் அவளை உட்காரச் சொன்னார்.

"அப்பா கடலில சாகல்ல, மகள். அவருக்குக் குட்டம். நான்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டது."

கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு குட்டரோக ஆசுபத்திரியில் விட்டாராம். வெளியே தெரிந்தால் மகளை யாரும் கட்டமாட்டார்கள் என்று, கடலில் போனதாகச் சொல்லச் சொன்னது தகப்பனேதான். மகளுக்குக் கலியாணம் என்று கேள்விப்பட்டதும், ஒரு மாதா பாட்டுத் தட்டு வாங்கிக் கொடுக்கச் சொல்லித் தோமஸிடம் கெஞ்சினாராம். தோமஸ் வாங்கி வந்து கொடுத்ததைத் தாய் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"இப்ப?" என்று கேட்டாள் கத்தரினா.

"இருக்கிறார்."

பத்து வருஷமாக ஆத்துமாக்கள் திருநாளில், உயிரோடிருக்கும் மனிதனுக்கு அவள் மெழுகுதிரி கொளுத்தி வந்திருக்கிறாள்.

அவள் வந்து சொன்னபோது சாள்ஸ் ஏசவில்லை. கைகளைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினார். பெட்டியைப் பின்கொட்டிலில் கொண்டுபோய் வைத்தார். அங்கே போகாதே, பிள்ளைகளை நினைத்துப் பார் என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது என்று அவளுக்கும் தெரிந்தது. என்றாலும் புதன்கிழமை தோமஸோடு ரயில் ஏறினாள்.

ஆசுபத்திரி வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தடியூன்றி வந்தார். விரல்கள் இல்லை. முகம் தடித்துப் போயிருந்தது. தோளை ஒருபக்கம் சரித்து நடக்கும் நடையை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

"அப்பா," என்றாள்.

அவர் தோமஸைத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்:

"ஆள் மாறி வந்திட்டீங்க, தங்கச்சி. எனக்குப் பிள்ளைகள் இல்ல."

திரும்பி நடந்தார். தோமஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நிற்கவில்லை.

அதன் பிறகு மூன்று தரம் போனாள். அவர் வெளியே வரவில்லை. கொண்டுபோன துணியையும் பனங்கட்டியையும் சிப்பந்தி ஒருவர் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். தகப்பன் வாங்கிக்கொண்டார் என்பது மட்டும் தெரிந்தது.

நாற்பத்தேழு ஆனியில் தோமஸுக்குக் கடிதம் வந்தது. இருவரும் போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்திருந்தது. சிப்பந்தி அவர்களை மண் காயாத குழியிடம் கூட்டிப் போனார். கடைசி நாட்களில் அவர் அதிகம் பேசவில்லையாம். அந்தத் தங்கச்சிக்கு எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் ஒருநாள் கேட்டாராம். சிப்பந்தி, தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாராம்.

"ரெண்டு," என்றாள் கத்தரினா, குழியைப் பார்த்து.