செங்குத்தாகச் சரிந்த கோடு

அந்த ஆய்வுக்கூடத்தில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வேலை. திட ஹீலியத்தைத் தாங்க முடியாத குளிருக்குக் கொண்டுபோய், அதன் அணுக்கருக்கள் காந்தங்களாக எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பது. அவர் குழுவுக்குத் தலைவர், அளவெடுப்பவள் அவள்.

"உலகத்துலயே குளிரான டப்பா நம்மகிட்ட இருக்கு. வீட்டுல பால் திரிஞ்சு போகுது" என்பாள். வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதாகிக் கிடந்தது. ஆள் கூப்பிட இருவருக்குமே நேரம் வாய்க்கவில்லை.

திடமாக உறைந்த பிறகும் ஹீலியம் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. பக்கத்து அணுவோடு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எந்தக் குட்டிக் காந்தம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அந்த இடமாற்றம்தான் முடிவு செய்கிறது. இரண்டிரண்டாக மாறுகின்றன என்று வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டிருந்தார். அப்படியானால் காந்தத்தன்மை மெல்ல மெல்லத்தான் மாற வேண்டும்.

ஒருநாள் காலை, வெப்பநிலை தனிச்சுழியத்துக்கு மேலே ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கை நெருங்கியபோது, திரையில் காந்தத்தன்மையைக் காட்டும் கோடு செங்குத்தாகச் சரிந்தது. அவள் ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தாள்.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கும்" என்றார்.

"இல்லீங்க. கொஞ்சம் சூடாக்கி மறுபடி இறக்கினேன். அதே இடத்துலதான் விழுது. ரெண்டு ரெண்டா மட்டும் மாறல, மூணு நாலு அணு சேர்ந்து வட்டமா சுத்தி இடம் மாறுதுன்னு தோணுது."

"ஓஹோ, மியூசிக்கல் சேர் விளையாடுதாக்கும்?"

அங்கே நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

"ரெண்டே நாள் குடுங்க, அழுத்தத்தை மாத்திப் பார்த்துடறேன்."

"அடுத்த குழு மெஷினுக்குக் காத்துட்டு இருக்கு. ஓட்டைத் தெர்மாமீட்டரை நம்பி மானத்தைப் போக்கிக்கச் சொல்றியா?"

அவரே ஹீட்டரைப் போட்டார். மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த ஹீலியம் படிகம் உருகிப் போனது.

பிரித்துப் பார்த்தபோது தெர்மாமீட்டரில் ஒரு குறையும் இல்லை. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

மறு வருடம் வேறொரு ஆய்வுக்கூடம் அதே சரிவைக் கண்டது. விளக்கமும் அவள் சொன்னதுதான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் சொன்னார்.

"நீ சொன்னதேதான்."

"ம். நல்லாப் பண்ணியிருக்காங்க."

"நான் நிறுத்தியிருக்கக் கூடாது. தெர்மாமீட்டரும் நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும். நானும் பார்த்தேன்" என்றாள். கத்தி நிற்கவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் அவர் காலில்கூட விழுந்திருப்பார்.

அதன்பிறகும் அவள் அளவெடுத்தாள், முன்பைவிடச் சுத்தமாக. ஆனால் "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டால், "நீங்களே பாருங்க" என்று தாளை நீட்டுவாள்.

ஒருமுறை இருவர் பெயரிலும் வரவிருந்த கட்டுரை ஒன்றில் வேண்டுமென்றே தப்பான விளக்கம் எழுதி அவளிடம் கொடுத்தார், திட்டுவாள் என்ற நப்பாசையில். அவள் நிதானமாகப் படித்தாள். அந்தப் பக்கத்தில் கண் சற்று நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அவரே உட்கார்ந்து திருத்தினார்.