கைக்கெட்டும் தூரத்தில் சொம்பு

கலைவாணன் எடுத்த குறும்படத்தில் ஒரு வீட்டுக்காரர் வருவார். சோற்றுக்கு உட்காருவார். தண்ணீர்ச் சொம்பு அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பின்னால் துணி துவைத்துக்கொண்டிருக்கும் மனைவியைக் கூப்பிட்டு, “தண்ணி” என்பார். அவள் ஈரக்கையோடு வந்து சொம்பை இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்துவிட்டுப் போவாள். படம் முழுக்க இதுதான். கடைசியில் ஒரு நாள் கூப்பிடுவார், அவள் வரமாட்டாள்.

இது அவனுடைய அக்கா சோபனாவின் வீட்டில் தினமும் நடப்பது. அக்கா வீட்டுக்காரர் சென்னப்பனுக்குப் பாப்பாரப்பட்டியில் உரக்கடை. ஓசூரில் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற மைத்துனனுக்கு மாடி அறையைக் கொடுத்தவர். ஒரு வார்த்தை குத்திப் பேசாதவர். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவர் வீட்டிலேயே, அவர் சொம்பை வைத்தே கலைவாணன் படத்தை எடுத்து முடித்தான். தருமபுரியில் நடக்கும் சுயாதீனப் பட விழாவுக்கு அனுப்பினான். தேர்வானது. அதுவரை எல்லாம் சரி.

விழா நோட்டீஸை யாரோ சென்னப்பன் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள்.

“வர வேண்டாம்னு சொல்லுக்கா.”

“சலவைச் சட்டை எடுத்து வெச்சாச்சு. இனி யாரு சொல்றது?” என்றாள் சோபனா. “உனக்கென்ன, பையைத் தூக்கிட்டுப் போயிருவ. நான்தான் தினம் அந்த மூஞ்சியில முழிக்கோணும்.”

விழா நடந்தது பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபத்தில். மண்டபம் என்றால் மாமாவுக்குக் கல்யாணம்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, சென்னையிலிருந்து வந்த தாடிக்காரர்களையெல்லாம் கும்பிட்டார். “வாங்க, வாங்க. நம்ம மாப்ள படமுங்க. இருந்து சாப்ட்டுதான் போவோணும்.” தயாரிப்பாளர் என்று நினைத்து இரண்டு பேர் அவருடைய கையைக் குலுக்கினார்கள்.

“மொதல்ல சாப்ட்ருங்க மாமா, அப்புறம் கூட்டம் ஆயிரும்” என்று கலைவாணன் அவரைக் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

சமையல்காரர் வழிவிடவில்லை. “படம் முடிஞ்சாதாங்க பந்தி. மொதல்லயே போட்டா தின்னுட்டு எல்லாரும் பஸ் ஏறிருவாங்கன்னு சொல்லியிருக்காங்க.”

மாமா மேலே போய் நடுவர்களுக்குப் போட்டிருந்த முன்வரிசை சோபாவில் உட்கார்ந்தார். பெண் வீட்டுப் பெரியவர் மாதிரி இருந்தவரை எழுப்ப யாருக்கும் துணிவில்லை. ஒரு நடுவர் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனார்.

விளக்கு அணைந்தது. கலைவாணன் படத்தைப் பார்க்கவில்லை, மாமாவின் பின்மண்டையைப் பார்த்தான். முதல் “தண்ணி”க்கு அது அசையவில்லை. அடுத்ததற்கு முன்னால் சாய்ந்தது. அதற்கடுத்து அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. போச்சு என்று நினைத்தான். திரும்பிப் பார்த்தான். இரண்டு வரிசைக்குப் பின்னால் அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வந்ததும் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவனிடம் வந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

“ஏன்டா மாப்ள, எங்க அண்ணனை இப்படிப் போட்டுக் கிழிச்சிருக்க?”

“எந்த அண்ணன்?”

“தீர்த்தகிரி அண்ணன்தான், வேற யாரு? அச்சு அசல் அவரேதான். அந்த வூட்டுல அண்ணி படற பாடு எனக்குத் தெரியும். அவருகிட்ட மட்டும் சொல்லிராத, நொந்துருவாரு.”

“சொல்ல மாட்டேன் மாமா.”

அதன் பிறகு விருந்து. கார் நிறுத்தத்துக்குப் போய்ப் போய்க் குடித்துவிட்டு வந்தவர்கள், வாடையை மறைக்க மென்ற பாக்கு மணத்தோடு அவனைக் கட்டிப்பிடித்தார்கள். இடம் இழந்த அந்த நடுவர் அவனை மடக்கினார். “தண்ணிங்கறது இந்த மாவட்டத்தோட அரசியல். கிணத்துல ஃப்ளோரைடு, குழாய்க்கு ஒகேனக்கல். அந்தச் சொம்பு அதைத்தானே சொல்லுது?”

“ஆமாங்க” என்றான் கலைவாணன். அப்போது எதைக் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றிருப்பான்.

பந்தியில் மாமா நடுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் சோபனாவும் கலைவாணனும். மாமா அண்ணனின் அட்டகாசங்களை நடுவருக்கு விவரித்துக்கொண்டே வந்தவர், நடுவில் பச்சைமிளகாயைக் கடித்துவிட்டார். தண்ணீர் பாட்டில் இடது முழங்கையை ஒட்டி இருந்தது. இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“சோபனா, தண்ணி.”

நடுவரின் கையிலிருந்த அப்பளம் பாதி வழியில் நின்றது.

சோபனா தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள். பிறகு குனிந்து ரசத்தைச் சோற்றில் பிசைந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். எழுந்திருக்கவில்லை.

மாமா நிமிர்ந்தார். எதிரே அக்காவைப் பார்த்தார், பக்கத்தில் பாட்டிலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தார். பிறகு எடுத்துத் திருகித் திறந்து குடித்தார்.

“மூடி கெட்டியா இருக்குது” என்றார், பொதுவாக. அப்புறம், “மாப்ளைக்குப் பாயசம் போடுங்கப்பா.”

அக்கா இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டாள். தான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது கலைவாணனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாயசத்தை ஒதுக்கிவிட்டு, சோறு போடச் சொன்னான்.