ஏழாம் எண்ணுக்கு எதிரே பென்சில் எழுத்து

செவ்வாய்க்கிழமை பிற்பகல். கால்டர்ஷா கடைத்தெருவில், மூடிப்போன செருப்புக்கடையின் மாடியில் இருந்த எம்.பி. அலுவலகத்தில், நோரீன் என்ட்விசில் கணினித் திரையில் லண்டன் நாடாளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எம்.பி. டங்கன் ஹோல்ராய்ட் பேச எழுந்தால் கையில் இருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவாள். அது பத்தொன்பது வருடப் பழக்கம். இருபத்தெட்டு வயதில் அவன் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது, மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாகத் துண்டறிக்கை போட்டவள் அவள்தான். இன்று அவன் அமைச்சர். இந்த நாட்டுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்கிற அமைச்சர். ஊருக்குத்தான் அமைச்சர், அவளுக்கு இன்னும் டங்கன்.

பக்கத்துத் தொகுதி எம்.பி. ஸ்டெல்லா க்ராப்பர், எதிர்க்கட்சிக்காரி, எழுந்து நின்றாள்.

"அகதிகளோட மனைவியும் பிள்ளைகளும் இங்க வந்து சேர்ற வழியை அமைச்சர் செப்டம்பர்ல மூடினார். அதுக்கு முன்னாடி, யார்கிட்டயாவது 'இப்ப விண்ணப்பம் போடாதே, பொறு'ன்னு அவர் சொன்னது உண்டா? ஆமாவா, இல்லையா?"

டங்கன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்தான்.

"முடிவை ஜூலையிலயே எடுத்துட்டோம். வெளிய தெரிஞ்சா கூட்டம் முண்டியடிக்கும்னு ரகசியமா வெச்சிருந்தோம், அது சரிதான். யாரையும் பொறுக்கச் சொல்லி நான் சொன்னதே கிடையாது. என் தொகுதி ஆபீஸ்ல யாராவது நல்லெண்ணத்துல தப்பா ஏதாவது சொல்லியிருந்தா, விசாரிக்கிறேன்."

அவன் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் "ஆமா, ஆமா" என்று உறுமினார்கள்.

அந்த ஆபீஸில் 'யாராவது' என்று சொல்ல நோரீனை விட்டால் வேறு ஆள் கிடையாது. இரண்டு மேசை, ஒரு கெட்டில், ஒரு நோரீன். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். தன்னையே அந்தச் சோறாக்குவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஸ்டெல்லா கேட்டது ஹப்தோமைப் பற்றித்தான். எரித்திரியாக்காரன், முப்பத்திரண்டு வயது, பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. அகதி என்று ஏற்றுக்கொண்டு காகிதம் கொடுத்தாகிவிட்டது. மனைவி லேம்லெமும் நாலு வயது மகள் ரஹ்வாவும் அடிஸ் அபாபாவில் ஒற்றை அறையில் இருந்தார்கள். தப்பி வந்தவர்களைத் தேடி அங்கே போலீஸ் வந்து கதவைத் தட்டும் நாட்களில் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் லேம்லெம். மகள் பிறந்தபோது ஹப்தோம் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தான்; அவளை அவன் தொலைபேசியில்தான் பார்த்திருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் எம்.பி. நடத்தும் குறைகேட்புக்கு வரும்போதெல்லாம் தொழிற்சாலையில் மலிவாகக் கிடைக்கும் உடைந்த பிஸ்கட் ஒரு பை கொண்டுவருவான். "எம்.பி. ஆபீஸ்ல பரிசு வாங்கக் கூடாதுய்யா" என்பாள் நோரீன். "உடைஞ்சது பரிசு இல்லம்மா" என்பான் அவன். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை அவன் கேட்டது ஒரே கேள்வி. தேவாலயக் கல்யாணச் சான்று சொந்த ஊர் ஆஸ்மராவிலிருந்து வந்துசேரவில்லை. இருக்கிற காகிதங்களோடு இன்றைக்கே விண்ணப்பம் போடலாமா, சான்று வரும்வரை பொறுக்கலாமா? கூட்டாளிகள் எல்லாம் இன்றைக்கே போடு என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நோரீன் ஒரு தப்புச் செய்தாள். ஒரு எம்.பி. ஒரு துறைக்கு அமைச்சராகிவிட்டால், அந்தத் துறை சம்பந்தப்பட்ட குறைகளை அவர் ஆபீஸ் தொடக் கூடாது. பக்கத்துத் தொகுதி எம்.பி.யிடம் அனுப்பிவிட வேண்டும். தனக்குத் தானே சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. ஹப்தோமின் காகிதம் ஸ்டெல்லாவிடம் போயிருக்க வேண்டும். வீட்டிலேயே கிணறு இருக்க, எதிர்க்கட்சிக்காரி வீட்டுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று நினைத்தாள் நோரீன்.

அவளுக்கும் டங்கனுக்கும் நடுவே ஒரு தாள் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்துக் குறைகளை எண் போட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பாள். லண்டன் ரயிலில் உட்கார்ந்து ஓரத்தில் பென்சிலால் பதில் எழுதித் திருப்பி அனுப்புவான். அந்த வாரம் ஹப்தோம் ஏழாவது. திங்கட்கிழமை தாள் திரும்பி வந்தது. ஏழுக்கு எதிரே டங்கனின் சாய்ந்த கையெழுத்து: 'அவசரம் இல்லை. சான்று வரட்டும். இலையுதிர்காலத்தில் போட்டால் போதும். டி.'

நோரீன் அன்றே ஹப்தோமைக் கூப்பிட்டுச் சொன்னாள். "மினிஸ்டரே சொல்லிட்டார்யா. அவரை விடத் தெரிஞ்சவங்க யாரு? அவசரமே இல்ல, நிதானமாப் போடு."

பொறுத்தான். செப்டம்பர் நாலாம் தேதி பிற்பகல் மூன்று மணியோடு வழி மூடப்பட்டது. ஒன்பதாம் தேதி கல்யாணச் சான்று வந்தது, ஆஸ்மரா முத்திரையோடு, ஒரு மடிப்புக்கூட இல்லாமல். அதற்குப் பிறகுதான் ஹப்தோம் தானாகவே ஸ்டெல்லாவிடம் போனான்.

வழி மூடியதிலிருந்து இந்த ஆறு வாரமும் நோரீன் டங்கனுக்காகத் தன்னிடமே வாதாடிக்கொண்டிருந்தாள். அவனுக்கே மேலிடத்தில் கடைசி நிமிடம்தான் சொல்லியிருப்பார்கள். பாவம், அவன் என்ன செய்வான் என்று. ஜூலையிலயே முடிவெடுத்தோம் என்று அவனே இப்போது நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டான். ஆகஸ்டில் அந்தப் பென்சிலைப் பிடித்த கைக்கு எல்லாம் தெரியும். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த வரியில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கலாம். 'ஸ்டெல்லாவிடம் அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அமைச்சரின் சொந்தத் தொகுதிக்காரன் கடைசி நேரத்தில் விண்ணப்பத்தை நுழைத்துவிட்டான் என்று பேப்பரில் வந்துவிடக் கூடாது. அதற்காக, ஒரு குழந்தையின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்த நோரீனின் வாயையே பயன்படுத்திக்கொண்டான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

புதன்கிழமை முழுக்க அவள் யாருடைய போனையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் ஸ்டெல்லாவின் ஆபீஸுக்குத் தானே போன் போட்டாள்.

"பொதுவாக் கேக்கறேன்," என்றாள். "அமைச்சர் கைப்படவே பொறுக்கச் சொல்லி எழுதியிருந்தா என்ன ஆகும்?"

எதிர்முனையில் ஸ்டெல்லாவே பேசினாள். "கோர்ட்டுக்குப் போகலாம். அவர் சொன்னதை நம்பித்தானே பொறுத்தான், ஆகஸ்ட்லயே போட்ட மாதிரி எடுத்துக்கங்கன்னு கேக்கலாம். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த எழுத்து இல்லாம ஒண்ணுமே நடக்காது. அப்படி ஒரு எழுத்து இருக்கா, நோரீன்?"

"பொதுவாத்தான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு அலமாரியைத் திறந்து ஆகஸ்ட் தாளை எடுத்தாள். அதில் இன்னும் பதினோரு பேருடைய குறை இருந்தது. கடன்காரன் ஒருவன், கணவனிடம் அடி வாங்கியவள் ஒருத்தி. அவர்கள் பெயர்களையும் கதைகளையும் தடித்த கறுப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தாள். தேதியையும் ஏழையும் மட்டும் விட்டாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தபோதும் அதை என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கொடுத்துவிட்டால் டங்கன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவையில் தெரிந்தே பொய் சொன்ன அமைச்சருக்கு வேறு வழி கிடையாது. அவன் கல்யாணத்தில் அவள் அழுதிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமைக் குறைகேட்பு வழக்கம்போல மெதடிஸ்ட் சபைக் கூடத்தில். டீ ஊற்றுகிற பிரெண்டா குவளைகளை அடுக்கிக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

"டிவில பாத்தேன் நோரீன். நம்ம ஆளு சரியாத்தான் பேசினான். நாட்டுல நிக்க இடமில்ல, டாக்டரைப் பாக்க மூணு வாரம் ஆகுது. கதவை நல்லா இழுத்துச் சாத்தணும், எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். அது போகட்டும், ஹப்தோம் பொண்டாட்டி எப்ப வர்றா? அந்தக் குட்டிக்கு ஒரு சிவப்புக் கோட் எடுத்து வெச்சிருக்கேன். இந்தக் குளிருக்குள்ள வந்துடணும், அடுத்த வருஷம் பத்தாது."

நோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

டங்கன் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டான். கையில் இஞ்சிக் கேக், அவளுக்குப் பிடித்த கடையிலிருந்து. உள்ளறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினான்.

"வாரம் ரொம்ப மோசம், நோரீன்."

"எனக்குமே."

"தெரியும். என் மேல கோவமா இருப்பீங்க." நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான். "நம்ம பழைய வெள்ளிக்கிழமைத் தாளெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களா? மத்தவங்க சொந்த விஷயமெல்லாம் அதுல இருக்கு. கிழிச்சுப் போட்டுடறதுதான் சட்டப்படி நல்லது."

"இத்தனை வருஷமா இல்லாத சட்டம் இந்த வாரம் வந்துச்சா, டங்கன்?"

அவன் கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். தட்டச்சு செய்த நாலு வரி: சான்று வரும்வரை பொறுக்கச் சொன்னது நான்தான், அமைச்சரைக் கேட்கவில்லை, தவறுக்கு வருந்துகிறேன். கீழே கையெழுத்துக்கு இடம். அவள் பெயரைக்கூடத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள்.

"ஒரு கையெழுத்துத்தான். ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க பண்ற தப்பை ரெண்டு நாள்ல ஜனங்க மறந்துடுவாங்க. நான் போயிட்டா அந்த நாற்காலிக்கு யார் வருவான் தெரியுமா? நான் கதவைத்தான் சாத்தினேன். அவன் சுவரே எழுப்புவான்."

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லு."

"நோரீன்..."

"ஹப்தோம் என்ன ஆவான்?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல அவன் முகம் தெளிந்தது. "அவனை விட்டுடுவேனா? விதிவிலக்கு குடுக்கற அதிகாரம் என் கையிலதான் இருக்கு. அவன் பொண்டாட்டி, குழந்தை ரெண்டு பேரையும் நானே வரவழைக்கிறேன். உங்களுக்கு வாக்கு."

நோரீன் அவனைப் பார்த்தாள். கை மேசைமேல் இருந்த பேனாவுக்குப் போயிற்று. உண்மையைச் சொல்ல வேண்டுமே, போடத்தான் நினைத்தாள். தன் பெயர் கெட்டால் கெடட்டும், அந்தக் குட்டி சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினால் போதும்.

"எப்ப, டங்கன்? எந்தத் தேதி?"

"அவசரம் இல்ல, நோரீன்" என்றான் அவன். "இந்தச் சத்தம் அடங்கட்டும். புது வருஷம் பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். அவன் என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. முகத்தில் அப்படி ஒரு கனிவு. அந்தக் கனிவைத்தான் பத்தொன்பது வருடமாகப் பார்த்துவந்திருக்கிறாள். இதேபோல எத்தனை பேருக்கு எத்தனை வெள்ளிக்கிழமை, அவன் எழுதிக் கொடுத்ததை அவள் வாயால் சொல்லியிருப்பாள்?

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வரிசையில் ஹப்தோம் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தான். இந்த முறை பிஸ்கட் பை இல்லை.

"ஹப்தோம், உள்ள வாய்யா."

டங்கன் அவசரமாகக் காகிதத்தை மடித்தான். நோரீன் கைப்பையிலிருந்து ஆகஸ்ட் தாளை எடுத்து ஹப்தோமின் கையில் கொடுத்தாள்.

"இது உன்னோடது. ஏழாம் நம்பர். பக்கத்துல பென்சில்ல எழுதினது இவரு. இதை ஸ்டெல்லாகிட்ட கொண்டுபோய்க் குடு."

ஹப்தோம் மெதுவாகப் படித்தான். இரண்டு தரம் படித்தான். அமைச்சரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது அன்னிக்கே உங்ககிட்ட இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு."

"கதவைச் சாத்தின அன்னிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதுக்கப்புறம் ஆறு வாரம்."

அந்த ஆறு வாரத்தில் இரண்டு தடவை அடிஸ் அபாபாவில் போலீஸ் கதவைத் தட்டியிருக்கிறது. அவனே வந்து சொல்லியிருக்கிறான். அப்போதெல்லாம் இந்தத் தாள் அவள் அலமாரியில்தான் இருந்தது. டங்கன் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

"ஸ்டெல்லா ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டான்.

"அஞ்சு மணி வரைக்கும். திங்கட்கிழமைகூட..."

"இப்பவே போறேன்."

அவன் போனதும் டங்கன் தணிந்த குரலில் சொன்னான். "பத்தொன்பது வருஷம், நோரீன். இப்படிப் பண்ணிட்டீங்களே."

"அதை எண்ணிக்கிட்டுத்தான் இவ்வளவு நாள் சும்மா இருந்தேன், மினிஸ்டர்," என்றாள் அவள். ஆபீஸ் சாவியைக் கேக் டப்பாவின் மேல் வைத்தாள். "வெளிய இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க. நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க."

கோட்டை மாட்டிக்கொண்டு தூறலில் ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் ஹப்தோம் தாளைச் சட்டைக்குள் வைத்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நானும் வர்றேன்," என்றாள், மூச்சு வாங்க. "அந்த எழுத்து யாரோடதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல."

அவன் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தான். அவள் அருகில் வந்து நின்றபோதும் அதை எடுக்கவில்லை.

நோரீன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.