ஒன்பது தண்டு மான்காது

அந்தச் சனிக்கிழமை மலையில் இருந்தவர்கள்:

குவாக் இன்ஜா, எங்கள் காட்டுப்பூப் படச் சங்கத்தின் தலைவி. மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தவர்.
பியோ சாங்தொக். முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர்.
ஊ தேக்யு. கார் காப்பீடு விற்பவன். எங்களில் விலை கூடிய லென்ஸ் அவனுடையது.
நான், பாங் ஜுன்சொக். பார்சல் கிடங்கில் இரவு வேலை.

மற்ற இருவர் வரவில்லை. ஒருவருக்குக் கல்யாண வீடு, ஒருவருக்கு முழங்கால்.

மார்ச் பாதி தாண்டியிருந்தது. கப்யோங்குக்கு மேலே அந்தப் பள்ளத்தாக்கின் நிழல் பக்கத்தில் இன்னும் பனி கிடந்தது. பத்தேகால் மணிக்கு வெயில் உள்ளே வரும். அது பட்ட பிறகுதான் மான்காதுப் பூ இதழ் விரிக்கும். பூ கட்டைவிரல் நகம் அளவு, தண்டு சுண்டுவிரல் நீளம். தண்டு முழுக்க வெள்ளை மயிர். பூவுக்குப் பின்னால் வெயிலை வைத்து, தரையோடு தரையாகப் படுத்து எடுத்தால் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக எரியும். அதற்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருக்கிறோம்.

பெரும் பாறைக்குக் கீழே ஒரே வேரில் ஒன்பது தண்டு, எல்லாம் நீலம். தலைவிதான் முதலில் அங்கே போனார். போனவர் பாயை விரிக்கவில்லை.

"யாரோ சருகை வழிச்சிருக்காங்க."

ஒன்பது தண்டும் கறுத்து மண்ணில் ஒட்டியிருந்தன. சுற்றி ஒரு முழத்துக்கு மண் வெறுமையாக இருந்தது. ஓக் சருகு முழுவதும் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தது. சருகுதான் இந்தப் பூவுக்குப் போர்வை. அதை எடுத்துவிட்டால் ஒரு இரவுப் பனி போதும். எங்கள் கழுத்தில் தொங்கும் உறுப்பினர் அட்டையில் முதல் விதியே சருகைத் தொடாதே என்பதுதான்.

வழித்தது நான். செவ்வாய்க்கிழமை காலை வேலை முடிந்து நேராக வந்தேன். தண்டு அடி வரைக்கும் தெரிய வேண்டும் என்று வழித்தேன். படம் எடுத்ததும் திரும்பப் போர்த்திவிடலாம் என்று நினைத்தேன். படம் கிடைத்தது. குப்புறப் படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது வெயில் போயிருந்தது, பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சருகு ஞாபகம் வந்தது. இறங்கவில்லை.

தேக்யு குவியலைப் பார்த்தான், பிறகு பியோவின் பையைப் பார்த்தான்.

"அண்ணே, அந்தத் தண்ணி தெளிக்கிற பாட்டில் இன்னும் பையில இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"பனித்துளி இல்லன்னா தண்ணி தெளிச்சு உண்டாக்குறவரு, தண்டு தெரியலன்னா சருகை விட்டுவைப்பாரா?"

"போன வருஷம் தெளிச்சேன். தப்புன்னாங்க, விட்டுட்டேன். சருகுல கை வச்சதில்ல."

"விட்டவருக்குப் பாட்டில் எதுக்கு?"

"குடிக்கிறதுக்குடா. நீ உன் லென்ஸையா குடிக்கிற?"

யாரும் சிரிக்கவில்லை. தலைவி கேட்டார்: "புதன்கிழமை இங்க வந்தீங்கள்ல? குழுவுல படம் போட்டிருந்தீங்களே."

"ஓடைப் பக்கம் மஞ்சப் பூ எடுத்தேன். மேல ஏறவே இல்ல."

"ஒத்தைல வந்திருக்கீங்க. யாரு பார்த்தா?"

"நான் ஒத்தைலதான் வரணும். வீட்டுல வேற யாரு இருக்கா?"

நான் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. காரணம் எளிது. கிடங்கில் பார்சல் ஓடும் பெல்ட் சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொண்டு வேலை செய்கிறோம், பேச்சு கிடையாது. கல்லூரியைப் பாதியில் விட்ட பிறகு அண்ணன் போனை எடுப்பதில்லை. வாரத்தில் என்னிடம் நாலு வார்த்தை பேசுகிறவர்கள் இந்த மலையில் இருந்தார்கள். படம் எடுத்து முடித்ததும் கீழே கடையில் சூடாகக் கத்திவெட்டு நூடுல்ஸ் சாப்பிடுவோம். குவாக் அம்மா கேட்காமலே என் தட்டில் கிம்ச்சி ஊறுகாய் வைப்பார். சொன்னால் அது போய்விடும்.

"பியோ, அட்டையக் கழட்டுங்க" என்றார் தலைவி.

கயிறு தொப்பியில் மாட்டிக்கொண்டது. பியோ தொப்பியைக் கழற்றி, அட்டையை எடுத்து, அவர் கையில் வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். பாயைத் தோளில் போட்டு இறங்கினார்.

"வயசானா அடம் கூடிப்போகுது" என்றான் தேக்யு.

நாங்கள் கொஞ்சம் தள்ளி வெள்ளை மான்காதுகளுக்கு முன்னால் படுத்தோம். நானும் படுத்தேன். ஒரு பூவை நெருக்கத்தில் பிடித்தேன். அவ்வளவு நெருக்கத்தில் மூச்சுவிட்டால்கூடப் பூ ஆடும். மூச்சை அடக்கிப் பார்த்தேன். ஆறு படம் எடுத்தேன், ஆறிலும் பூ கலங்கியிருந்தது. எழுந்து கீழே ஓடினேன்.

ஓடையருகே பியோவைப் பிடித்தேன்.

"நான்தாண்ணே."

"என்ன நீதான்?"

"சருகு. செவ்வாய்க்கிழமை வந்தேன்."

அவர் என்னை முழுசாகப் பார்த்தார். "மேல நிக்கிறப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"இல்லண்ணே."

"எனக்குத்தான் தெரியுமே நான் பண்ணலன்னு. என்கிட்ட வந்து சொல்றான். வா, அங்க வந்து சொல்லு."

அவர் முன்னால் ஏறினார். பையைக் கேட்டேன், தரவில்லை.

சொன்னேன். தூங்கியதைச் சொன்னேன். தேக்யு லென்ஸ் மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

"எழுந்ததும் போர்த்த மறந்துட்டியா?" என்றார் தலைவி.

"பஸ்ஸுல ஞாபகம் வந்துச்சு."

"வந்து?"

"இறங்கல."

"படம் வந்துச்சா?"

கேமராவை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை முகத்தருகே கொண்டுபோனார். ஒன்பது தண்டும் அடி முதல் நுனி வரை ஒளியில் நின்றன. ஒரு மயிர்கூடக் கலங்கவில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். "வேரு பொழச்சிருந்தா அடுத்த வருஷம் வரும், இல்லன்னா இல்ல. அதுக்குக்கூட உன்ன மன்னிச்சிருப்பேன். அவரு தொப்பியக் கழட்டினப்ப நீ என் பக்கத்துலதான நின்ன?"

"ஆமாம்மா."

"குடு."

அட்டையைக் கொடுத்தேன். அவர் பியோவின் அட்டையை எடுத்து, "என் மேலயும் தப்பு" என்று அவரிடம் நீட்டினார். பியோ வாங்கினார், ஆனால் கழுத்தில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்தார்.

"அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க" என்றான் தேக்யு. "இன்னைக்குச் சாப்பாடு நான் வாங்குறேன்."

"பெரிய கிண்ணம். கூட அவிச்ச கொழுக்கட்டை ரெண்டு தட்டு."

"ரெண்டா?"

"வயசானா அடம் மட்டுமில்ல, பசியும் கூடிப்போகுது. எனக்குக் கேக்கலன்னு நினைச்சியா?"

தலைவி சிரித்துவிட்டார். தேக்யுவும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, நிறுத்திக்கொண்டேன்.

பிறகு தலைவி மண்டியிட்டு, குவியலிலிருந்து சருகை எடுத்துக் கறுத்த தண்டுகள் மேல் பரப்பத் தொடங்கினார். பியோவும் குனிந்தார். நானும் ஒரு கை அள்ளினேன்.

"நீ அதக் கீழ போடு" என்றார் தலைவி, நிமிராமல். "கிளம்பு. ராத்திரி வேலைக்குப் போகணும்ல, தூங்கு போ."

கையிலிருந்ததைக் குவியலிலேயே போட்டுவிட்டு இறங்கினேன்.

பஸ்ஸில் போனைத் திறந்தேன். சங்கத்தின் அரட்டைக் குழு என் பட்டியலில் இல்லை, என்னை நீக்கியிருந்தார்கள். நகரத்தில் இறங்கி, கடையில் ஒரு சோற்று உருண்டை வாங்கி நின்றபடியே தின்றேன். என் அறை மூன்றாம் மாடியில், கட்டிலும் அலமாரியும் தொட்டுக்கொண்டு நிற்கும் அளவு. கதவுப் பூட்டின் எண் பொத்தான்களை அழுத்தி உள்ளே போனேன். குனிந்து ஷூவைக் கழற்றும்போது பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பூட்டு ஒருமுறை சுழன்று, மூன்று சுரம் வாசித்துவிட்டு நின்றது.