தண்ணீர் வேண்டாம் என்று சொல்வது எப்படி

வேணி பேச ஆரம்பித்தால் வெள்ளைக்காரர்கள் முதுகு மூட்டையைக்கூட இறக்கிவைக்காமல் கேட்பார்கள். குயிலாப்பாளையத்தில் சீனுவாசன் நடத்தும் விடுதியில் அவளுக்கு அதுதான் வேலை. புதிதாக வந்து இறங்குகிறவர்களை உட்காரவைத்து ஊர் நடப்பைச் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு அலையாதீர்கள், கோயிலுக்குப் போனால் தோளை மூடுங்கள், ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசுங்கள், திண்டிவனம் பஸ்ஸில் கம்பியை விட்டால் உங்கள் பாடு. இதையெல்லாம் அவள் இங்கிலீஷில் சொல்கிற அழகைப் பார்த்துவிட்டு, சீனுவாசன் அவளைப் போனில் படம் பிடித்துப் போட ஆரம்பித்தார். பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

அதிகம் பேர் பார்த்தது தண்ணீர் வீடியோவை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. போன கோடையில் ஒரு பிரெஞ்சுக்காரன், கொடுத்த இடத்தில் எல்லாம் வாங்கிக் குடித்துவிட்டு விழுப்புரத்தில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான். அதனால் வேணி இப்படிச் சொல்லிக்கொடுத்தாள்: எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர்தான் நீட்டுவார்கள். முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ஒரு கையை வயிற்றில் வையுங்கள், இப்போதுதான் குடித்தேன் என்பதுபோல. இன்னொரு கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுபோங்கள். தலையைச் சாய்த்துக் கொஞ்சம் சிரியுங்கள். யாரும் மனம் நோகமாட்டார்கள்.

யாரும் மனம் நோகமாட்டார்களாம். எங்கிருந்துதான் கண்டுபிடித்தாளோ.

மாசியில் போலந்திலிருந்து மார்ட்டா என்று ஒருத்தி வந்தாள். நல்ல பெண். எல்லாவற்றையும் கேட்டு அப்படியே நடக்கிற பெண். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். வேணி ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போனாள். வேணியின் ஊர் அந்தப் பக்கம்தான். அவளுடைய அம்மா லூர்துமேரிக்கு முந்தின நாளே விஷயம் தெரிந்துவிட்டது.

“இம்மாந்தூரம் வந்துட்டு வூட்டுக்கு வராம போவியா? அந்தப் பொண்ணையும் இட்டுக்கினு வா” என்று போனில் பிடித்துக்கொண்டாள்.

லூர்துமேரி அன்றைக்குக் களை வெட்டப் போகவில்லை. வாசலைக் கூட்டி, எவர்சில்வர் சொம்பைப் புளிபோட்டுத் துலக்கி, பீரோவுக்குள் இருந்த புதுத் தம்ளரை எடுத்து வைத்திருந்தாள். எதிர்வீட்டு வீரம்மாளிடம் சொல்லியும் வைத்திருந்தாள். மார்ட்டா செருப்பை வாசலில் கழற்றினாள். “வணக்கம் அம்மா” என்றாள். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். லூர்துமேரி அப்படியே பூரித்துப்போனாள்.

பிறகு தம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

மார்ட்டா ஒரு கையை வயிற்றில் வைத்தாள். இன்னொரு கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுபோனாள். தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அப்புறம் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

லூர்துமேரியின் வீடு காலனியில் இருக்கிறது. ஊர்த்தெருக்காரர்கள் வேலைக்கு ஆள் கூப்பிட வருவார்கள், ஓட்டுக் கேட்க வருவார்கள். வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் நீட்டுவதை லூர்துமேரி ஒருநாளும் விட்டதில்லை. அவர்களில் ஒருவரும் வாங்கியதில்லை. கடல் தாண்டி வந்த பெண்ணாவது வாங்குவாள் என்று நினைத்திருந்தாள், பாவி மனுஷி.

நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அவள் மகளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏண்டி, நம்மள்து காலனின்னு இந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் சொல்லிட்டாங்களா?”

வேணிக்கு உடம்பெல்லாம் குறுகிப்போயிற்று. நான்தான் சொல்லிக்கொடுத்தேன், வேறு காரணத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய் அப்போது பொய்தான் சொன்னது.

“அய்ய, அதெல்லாம் ஒண்ணுமில்லமா. அதுக்கு வயிறு சரியில்ல.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” லூர்துமேரிக்கு உயிர் வந்துவிட்டது. ஜல்தியாக அடுப்பைப் பற்றவைத்தாள். சீரகத்தைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆற்றிக் கொண்டுவந்தாள். கொதிக்கவைத்த தண்ணீர் என்றால் குடிக்கலாம் என்பதும் வேணி சொல்லிக்கொடுத்ததுதான். மார்ட்டா இரண்டு கையாலும் வாங்கி மிச்சம் வைக்காமல் குடித்தாள். இன்னொரு தம்ளர் கேட்டாள்.

“குட்சிட்டா வீரம்மா” என்று லூர்துமேரி வாசலில் வந்து நின்றவளைப் பார்த்துச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று வேணி மூச்சுவிட்டாள். அவளுக்கு அது மட்டும்தான் தோன்றியது, வெட்கங்கெட்டவள்.

மார்ட்டாவுக்கு அந்த அம்மாவுக்குப் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. உங்கள் மகள் எங்கள் ஆட்களிடம் எவ்வளவு பிரபலம் தெரியுமா என்று சைகையில் சொல்லிக்கொண்டே போனைத் திறந்தாள். வேணி தடுப்பதற்குள் தண்ணீர் வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டது.

லூர்துமேரிக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. படத்தில் அவள் மகள் ஒரு கையை வயிற்றில் வைத்தாள். இன்னொரு கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுபோனாள். தலையைச் சாய்த்துச் சிரித்தாள். முடிந்ததும் லூர்துமேரி இன்னொரு தரம் ஓட்டச் சொன்னாள். மார்ட்டா சந்தோஷமாக ஓட்டினாள்.

“நம்ம ராஜாமணியம்மா இப்டித்தான் பண்ணும்” என்றாள் லூர்துமேரி.

ராஜாமணியம்மாள் ஊர்த்தெருக்காரர். அவர் கொல்லையில்தான் லூர்துமேரி இத்தனை வருஷமாய் மல்லாட்டை பிடுங்கிக் கடலை ஆய்கிறாள்.

“வேலைக்கு கூப்ட வர்றப்பல்லாம் இப்டியேதான் வயித்துல கைய வெக்கும். இப்டியேதான் சிரிக்கும். நீ சின்னப் புள்ளையா இருக்கசொல்ல என் பின்னாடி நின்னு பாத்துக்கினே இருப்ப.” கோபமே இல்லாமல்தான் சொன்னாள். “அத்தப் பாத்தா கத்துக்கின?”

வேணிக்கு அதுவரை தெரியாது. சத்தியமாகத் தெரியாது. யாருடைய கை அது, யாருடைய சிரிப்பு அது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தானாக வந்த சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தாள். பாயை விட்டு எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. “எம்மா, அது அதுக்கில்லமா, தண்ணி ஒத்துக்காதுன்னுதான்” என்று ஏதோ உளறினாள்.

“சரி, வுடு.”

அம்மா என்ன சொல்கிறாள் என்று மார்ட்டா ஆவலாகக் கேட்டாள்.

லூர்துமேரிக்கு அந்தக் கேள்வி மட்டும் எப்படியோ புரிந்தது. “அந்தப் பொண்ணாண்ட சொல்லாத. பாவம், அது இன்னா பண்ணும். நீ நல்லா சொல்லிக்குடுத்துக்கிறன்னு சொன்னேன்னு சொல்லு.”

நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருப்பதாக அம்மா சொல்கிறாள் என்று வேணி இங்கிலீஷில் சொன்னாள்.

மார்ட்டா முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்டினாள். வந்த பெண் தட்டுகிறாளே என்று லூர்துமேரியும் கூடச் சேர்ந்து தட்டினாள்.