அறுப்பு மெஷினில் வருவதாகச் சொன்னவள்

பன்னிரண்டாம் வகுப்பின் பிரிவு விருந்துக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காரில் வந்து இறங்கினால் மானம் போய்விடும். மாட்டு லாரி, தீயணைப்பு வண்டி, டிராக்டர் என்று எதிலாவது வர வேண்டும். ஊரே மடக்கு நாற்காலியோடு பள்ளி வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். நான் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறவள். ஒவ்வொரு பிள்ளையும் இறங்கும்போது மைக்கில் பெயர் சொல்வது என் பொறுப்பு. அன்று மாலை எல்லாப் பெயரும் சொல்லியாயிற்று, டெகன் மட்டும் வரவில்லை.

அவள் அப்பாவின் அறுப்பு மெஷினில் வருவதாக இருந்தது. ஜூலை மாதக் குளிர்காலத்தில் ராய்ஸ் மகளுக்கு வாக்குக் கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மூன்று வருஷமாக மழை பொய்த்திருந்தது. "நவம்பர்ல அந்த மெஷினுக்கு என்ன வேலை இருக்கப்போகுது? சும்மாதான் நிக்கும். உன்னை ஏத்திட்டு வர்றேன்" என்றான். விளையாது என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. பாவி மனுஷன் சொல்லி வாய் மூடவில்லை, மழை கொட்டித் தீர்த்தது. இப்போது கோதுமை இடுப்பளவு முற்றி நிற்கிறது, மேற்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. முற்றிய கதிர் நனைந்தால் மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும். இந்த வெள்ளாமையும் போனால் ராய்ஸ் நிலத்தை விற்க வேண்டியதுதான்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. மைக்கைத் துணைத் தலைமையாசிரியர் கையில் திணித்துவிட்டுக் காரை எடுத்தேன்.

வயலோரத்தில் ராய்ஸ், கோதுமை நிறைந்த லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். மெஷின் தூசியைக் கிளப்பிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. உள்ளே டெகன், பச்சைக் கவுனில், தலைமுடியைச் சுருட்டிப் பின் குத்தி.

"என்ன ராய்ஸ் இது, புள்ளைய இந்தக் கோலத்துல உக்கார வச்சிருக்க?"

"நானா வச்சேன்? போ போன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், இறங்க மாட்டேங்கிறா. இந்த லோடை இருட்டுறதுக்குள்ள கிடங்குல சேக்கணும். நான் போனா மெஷின் நின்னுடும்னு அவளே ஏறிட்டா."

டெகன் மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்தாள். "மிஸ், எதுவும் சொல்லாதீங்க. சொன்னா அழுதுடுவேன், மை கலைஞ்சிடும். விருந்துதானே, நாளைக்கு போட்டோல பாத்துக்குறேன்."

அவள் சிரித்த சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் முந்தின வறட்சியில் நிலத்தை விற்றவர்கள். எங்கள் மெஷின் ஏலத்தில் போன அன்றோடு, இனி எந்த வயலிலும் கால் வைப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

"இறங்குடி கீழே. கிடங்குக்குப் போற லாரி பள்ளிக்கூட வாசல் வழியாத்தானே போகுது. அதுல போ."

"மெஷினை யாரு ஓட்டுவா?"

"உங்க அப்பனுக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தான்."

"அது பொய்" என்றான் ராய்ஸ்.

"பொய்தான். இறங்கச் சொல்லு."

அவன் என்னையே பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும், எங்கள் ஏலத்துக்கு வந்து எதுவும் வாங்காமல் போனவன் அவன். "க்ளெனிஸ், நீ நிஜமாவா..."

"வானத்தைப் பாரு. பேசிக்கிட்டு நிக்க நேரமா இது?"

டெகன் கவுனைத் தூக்கிப் பிடித்து இறங்கினாள். காலில் அப்பாவின் பூட்ஸ். "மிஸ், அங்க என் பேரை யாரு சொல்வாங்க?" என்றாள். நான் அவள் முடியிலிருந்த உமியைத் தட்டிவிட்டேன்.

லாரி போனது. மெஷினில் ஏறினேன், இருக்கை இன்னும் சூடாக இருந்தது. கைக்கு எதுவும் மறக்கவில்லை என்பதுதான் எனக்கு அழுகையாக வந்தது. அழுதுகொண்டே நேராகத்தான் ஓட்டினேன்.

ஒரு சுற்று முடித்துத் திரும்புகையில் மெஷினிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது, லாரியிலிருந்து ராய்ஸ். "க்ளெனிஸ், வாசலுக்கு வந்துட்டோம். எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. வயர்லெஸ் சத்தத்தைக் கூட்டி ஜன்னலுக்கு வெளிய பிடிச்சிருக்கேன். சொல்லு."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "டெகன் மேரி ஹாலட்" என்றேன், மைக்கில் சொல்கிற அதே குரலில்.

அந்தப் பக்கம் ஊர் முழுக்க ஹாரன் அடித்தது. கண்ணாடியில் முதல் துளி விழுந்தது, கொழுத்த துளி. பாதி வயல் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கத்தியை இறக்கி அடுத்த வரிசைக்குள் விட்டேன்.