யாத்திரை இல்லை, ஊர் சுற்றல்

அக்சிலியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சூரமங்கலத்தில் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தெட்டு வருஷ வேலையில் முதல் முறையாகப் பன்னிரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு போட்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, தனியாக மலேசியா வந்திருந்தாள்.

மலாக்காவில் அன்று அவளுக்குத் திட்டம் எதுவும் இல்லை. ஆறு பேர் படுக்கும் விடுதி அறையில் மேல் கட்டிலிலிருந்து எட்டு மணிக்கு மேல்தான் இறங்கினாள். ஆற்றோரம் நடந்தாள். வீடுகளின் பின்சுவரெல்லாம் சித்திரம். டச்சுக்காரர்கள் கட்டிய சிவப்புக் கட்டடங்களின் முன்னால், பொம்மையும் பிளாஸ்டிக் பூவும் சுற்றிய சைக்கிள் ரிக்‌ஷாக்கள் பாட்டை அலறவிட்டு நின்றன. வெயில் ஏறும் முன் குன்றின்மேல் இருந்த பழைய மாதா கோயிலுக்குப் படியேறினாள். கூரை இல்லை. உள்ளே சுவரோரம் ஆளுயரக் கல்லறைக் கற்கள் சாய்ந்திருந்தன. வெளியே வலது கை உடைந்த சவேரியார் சிலை. தூரத்தில் கடல். முட்டி வலிக்க, நிழலாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

அப்போது அண்ணன் மிக்கேல் போனில் வந்தார்.

"அக்சி, குரூப்புல போட்டோ கீட்டோ போட்டுறாத."

அவர் மகள் ஃபாத்திமாவுக்கும் ஜெனிஷுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. இரண்டு வீட்டாருக்கும் பொதுவாக ஒரு வாட்ஸ்அப் குரூப்.

"ஏங்கண்ணா?"

"நீ வேளாங்கண்ணி போயிருக்கறதாச் சொல்லி வெச்சிருக்கேன். இந்த வயசுல ஒரு பொம்பள தனியா மூட்டையத் தூக்கிட்டுத் திரியறான்னா சம்பந்தி ஊட்டுல என்ன நெனப்பாங்க? இப்ப எங்க இருக்க?"

"பழைய கோயில்ல. சவேரியார் உடம்பக் கொஞ்ச நாள் வெச்சிருந்த எடம்."

அண்ணன் குரல் இளகியது. "அப்பறம் என்ன! கோயில மட்டும் படம் எடுத்துப் போடு. பை தெரிய வேண்டாம். வேளாங்கண்ணிக்குப் பதிலா அங்க வேண்டுதல்னு நான் பேசிக்கறேன்."

அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் இதே குரல்தான், "நீ தனியாள்தானே, பாத்துக்க" என்றது. அன்றைக்கு அவள் தனியாக இருந்தது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

"எனக்கு வேண்டுதல் ஒண்ணுமில்லீங்கண்ணா. ஊர் சுத்த வந்தேன். கேட்டா அதத்தான் சொல்லுவேன்."

"புள்ள கல்யாணம் நின்னா நீ பொறுப்பேத்துக்குவியா?"

போனை வைத்துவிட்டாள். ஆனாலும் அந்தக் கேள்வி உறுத்தியது. பிடிவாதம் அவளுடையது, கல்யாணம் ஃபாத்திமாவுடையது. படம் போடட்டுமா என்று அவளையே கூப்பிட்டுக் கேட்டாள்.

"அப்பா பொய் சொன்னது எனக்கும் தெரியும் அத்தை. வாய மூடிட்டு இருந்துட்டேன்" என்ற ஃபாத்திமா, "போடுங்க. நாளைக்கு நானும் எங்கியாச்சும் கெளம்புவேன். அந்த ஊட்டுல என்ன சொல்லுவாங்கன்னு இப்பவே தெரிஞ்சுக்கறேன்" என்றாள்.

"நல்லா யோசிச்சுக்க சாமி."

"யோசிச்சாச்சு. பை நல்லாத் தெரியற மாதிரி எடுங்க."

பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெண்ணிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். கீழே எழுதினாள்: 'மலாக்கா, மலேசியா. தனியாக வந்திருக்கிறேன். யாத்திரை இல்லை, ஊர் சுற்றல்.'

படத்தைக் குரூப்பில் போட்டாள். குன்றிறங்கி, ஒரு கடையில் தேங்காய்ப் பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய ஐஸ் வாங்கி உட்கார்ந்தாள். பாதி சாப்பிடும்போது ஜெனிஷின் அம்மா ஞானமேரி கூப்பிட்டார்.

"வேளாங்கண்ணின்னு சொன்னாங்களேங்க?"

"எங்கண்ணன் சொன்னது பொய்ங்க. நான் சொல்லச் சொல்லல."

"தனியாவா போயிருக்கீங்க?"

"ஆமாங்க."

"எனக்கு இது புடிக்கலீங்க. என்ன பண்ணுவீங்க?"

அக்சிலியா கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்குப் பினாங்கு போவேங்க."



"புடிக்கத்தான் இல்ல" என்றார் ஞானமேரி. "ஆனா நீங்க நேராச் சொல்லிட்டீங்க. பொய் சொன்னவர்கிட்ட நான் பேசிக்கறேன். கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆகாது."

கொஞ்ச நேரத்தில் அண்ணன் குரூப்பை விட்டு வெளியேறியிருந்தார். பிறகு மூன்று தடவை கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. மிச்ச ஐஸை நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, காலையில் ஆற்றோரம் பார்க்காமல் விட்ட ஒரு தெருவுக்குள் நடந்தாள்.